களவு போன நகை பிடிபட்டுவிட்டது, கேஸ் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: 2024 செப்டம்பரில் நாங்கள் வெளியூர் போயிருந்தபோது பின்கதவை உடைத்து 18 பவுன் நகை, கொஞ்சம் ரொக்கம், கணவரின் செல்போன் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். நான்கைந்து மாதம் கழித்து ஆட்களைப் பிடித்து 11 பவுன் மீட்டதாகப் போலீஸில் சொன்னார்கள். மாமியார் எனக்குப் போட்ட ஆரமும் ஒரு ஜோடி வளையலும் அடகுக்கடையில் இருந்தனவாம், மீதி 4 பவுன் உருக்கிய கட்டியாகக் கிடைத்ததாம். ஸ்டேஷனில் கேட்டால் "கேஸ் முடியட்டும்மா, கோர்ட்டில் வாங்கிக்கோங்க" என்கிறார்கள். அடகுக்கடைக்காரர், கொடுத்த பணத்தைக் கட்டினால்தான் சம்மதிப்பேன் என்கிறார். பழைய நகை என்பதால் பில் எதுவும் இல்லை. வரும் தையில் மகளுக்குக் கல்யாணம். அதற்குள் கைக்கு வருமா? பெயரும் ஊரும் போட வேண்டாம்.

பதில்:

அம்மா, வழக்கு முடியும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நகை தானாக வராது, மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், அந்த வேலையை இந்த வாரமே தொடங்கினால் தைக்குள் வாங்கிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது.

ஸ்டேஷனில் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. கைப்பற்றிய நகையை அவர்கள் தாங்களாக எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட முடியாது, மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும் என்பது சரி. (காணாமல் போன செல்போன்களை மீட்டு, எஸ்.பி. அலுவலகத்தில் உரியவர்களை வரவழைத்துக் கொடுப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதை நினைத்துக்கொண்டு நகைக்கும் போலீஸையே நம்பிக் காத்திருந்து வருடங்களைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.) கேஸ் முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்பது தப்பு. தீர்ப்புக்குப் பிறகு சொத்தை யாரிடம் கொடுப்பது என்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே கொடுப்பதற்குத் தனியாக இன்னொரு பிரிவு இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 451-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 497. உங்கள் வீட்டுத் திருட்டு அந்தத் தேதிக்குப் பிறகு நடந்ததால் 497 என்றே மனுவில் போடலாம். புதுச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது: பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் அந்தப் பொருளை யாரிடம் கொடுப்பது, என்ன செய்வது என்று உத்தரவு போட வேண்டும். அந்தப் பட்டியலும் போட்டோவுமே பிறகு விசாரணையில் சாட்சியமாகும் என்றும் சட்டம் சொல்கிறது. இந்தக் கெடு எல்லாக் கோர்ட்டிலும் அப்படியே நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், வேலைப்பளு அப்படி. ஆனால் மனுவில் இதை எடுத்துக் காட்டினால் "விசாரணை முடியட்டும்" என்று தள்ளி வைப்பது கடினம்.

அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2002 அக்டோபரில் வந்த சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் அரசு தீர்ப்பு, இந்த மாதிரி மனுப் போடும் எந்த வக்கீலும் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். நகை போன்ற விலையுயர்ந்த பொருளை விசாரணை முடியும்வரை வருடக்கணக்கில் ஸ்டேஷனில் வைத்திருப்பதில் பயன் இல்லை, விவரமாக எழுதி, போட்டோ எடுத்து, கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுத்துவிடுங்கள், எப்படியும் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் கிடக்கக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. அந்த வழக்கு எதில் இருந்து வந்தது தெரியுமா? ஸ்டேஷனில் வைத்திருந்த வழக்குப் பொருள்களை மாற்றி வைத்தார்கள், பணத்தைக் கையாடினார்கள் என்று போலீஸ்காரர்கள் மீதே போடப்பட்ட வழக்கு அது. 1977-இலேயே, அன்றைய மைசூர் மாநிலத்தில் இருந்து போன இன்னொரு வழக்கில், திருடனிடம் மீட்ட நகை போலீஸ் காவலில் இருந்தபோது மறுபடி திருடு போய்விட, அதன் மதிப்பை அரசு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நகை பத்திரமாகத்தானே இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதலில் நகை இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டார்களா, இல்லை ஸ்டேஷனிலேயே இருக்கிறதா? ஒப்படைத்திருந்தால் கோர்ட்டின் சொத்துப் பதிவேட்டில் அதற்கு ஒரு எண் இருக்கும், அந்த எண் மனுவில் கட்டாயம் வர வேண்டும். கைப்பற்றியதாகத் தகவல் மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளைக் கொண்டுவராமல் வைத்திருந்தால் மனு 503-ஆம் பிரிவில் போகும், அதுவும் அதே மாஜிஸ்ட்ரேட்டிடம்தான். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களிடம் இருக்கும், புகார் கொடுத்தவருக்கு அதை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்து ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடினால் குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டதா, எந்தக் கோர்ட், அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்க்கலாம்.

அடுத்து வாங்க வேண்டியது நகையைக் கைப்பற்றியபோது எழுதிய அத்தாட்சியின் நகல். பெரும்பாலான மனு இழுபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புகாரில் நீங்கள் "4 பவுன் ஆரம்" என்று சொல்லியிருப்பீர்கள், 4 பவுன் என்றால் 32 கிராம். அத்தாட்சியில் "கல் பதித்த ஆரம் ஒன்று, 30.600 கிராம்" என்று இருக்கும். வளையலுக்கும் இதே கதைதான். மனுவில் உங்கள் புகாரில் உள்ளதைப் போட்டால், அந்த விவரத்தில் கோர்ட்டில் எந்தப் பொருளும் இல்லை என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். அத்தாட்சியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வார்த்தைக்கு வார்த்தை, கிராமுக்குக் கிராம் அப்படியே எழுதுங்கள். எடையில் ஏன் வித்தியாசம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் இரண்டு வரியில் சொல்லிவிடலாம்: புகார் கொடுக்கும்போது மனக்கணக்கில் சொன்னது, எடை போட்டுப் பார்த்துச் சொன்னதில்லை, கொக்கி உடைந்திருக்கிறது, கல் விழுந்திருக்கிறது, எது உண்மையோ அது.

பில் இல்லை என்று கவலைப்படுகிறீர்கள். மாமியார் போட்ட நகைக்கு யாரிடம் பில் இருக்கும், மாஜிஸ்ட்ரேட்டுக்கும் அது தெரியும். இந்தக் கட்டத்தில் கோர்ட் பார்ப்பது, இந்தப் பொருளை வைத்துக்கொள்ள மேலோட்டமாகப் பார்த்தால் யாருக்கு உரிமை இருக்கிறது என்பதை மட்டும்தான். கல்யாண ஆல்பத்தில் அந்த ஆரத்தைப் போட்டபடி நீங்கள் நிற்கும் போட்டோ, வளைகாப்பு போட்டோ, மகளின் காதுகுத்து வீடியோ, எதில் நகை தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பலருக்கும் நினைவுக்கு வராத ஒன்று: அந்த நகையை எப்போதாவது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து மீட்டிருக்கிறீர்களா? வைத்திருந்தால் நகைக் கடன் சீட்டில் மதிப்பீட்டாளர் நகையின் பெயரும் எடையும் எழுதியிருப்பார், வங்கிப் பதிவிலும் இருக்கும், அந்த நகல் பில்லை விடவே பலமானது, ஏனென்றால் திருட்டுக்கு முன்பே வேறொருவர் எடை போட்டு எழுதி வைத்தது அது. லாக்கர் கார்டும் போட்டோவும் நகைச் சீட்டும் எதுவுமே இல்லாவிட்டால்கூட, நகையில் உங்களுக்கு மட்டும் தெரிந்த அடையாளம் இருக்கும். பூட்டுக்குப் பக்கத்தில் பற்றவைத்த தழும்பு, ஒரு கல் மட்டும் நிறம் மாறி இருப்பது, உள்பக்கம் பொறித்த எழுத்து. யோசித்து இப்போதே எழுதி வையுங்கள், மனுவுக்கு மட்டுமில்லாமல் பிறகு கூண்டில் ஏறும்போதும் உதவும்.

திருடியதாகச் சொல்லப்படுகிறவர் இது என் நகை என்று வந்து நிற்பாரோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பெரும்பாலும் நிற்க மாட்டார். என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை, இது பொய் வழக்கு என்பதுதான் அவர் தரப்பு வாதமாக இருக்கும், அப்படி வாதாடுகிறவர் நகையைச் சொந்தம் கொண்டாட முடியாது. அரசு உதவி வழக்கறிஞர் வழக்கமாகச் சொல்வது, விசாரணைக்குப் பாதிப்பில்லாமல் நிபந்தனையோடு கொடுக்கலாம் என்று.

இனி அடகுக்கடைக்காரர். அவருக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. திருடனுக்கே உரிமை இல்லாத பொருளில் அவன் இன்னொருவருக்கு உரிமை கொடுக்க முடியாது, விற்றாலும் சரி, அடகு வைத்தாலும் சரி. அவருடைய பணத்தை அடகு வைத்தவனிடம்தான் அவர் கேட்க வேண்டும். உங்கள் மனுவில் அவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம், தனக்கே நகை வேண்டும் என்று எதிர் மனுவும் போடலாம். போட்டால் அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள், ஆனால் அவருடைய "சம்மதம்" உங்களுக்கு எந்த இடத்திலும் தேவை இல்லை. பாதிப் பணம் கொடுத்துச் சமாதானமாகப் போய்விடலாம் என்று யாராவது நடுவில் வந்து பேசினால் உட்காராதீர்கள். உங்கள் நகைக்கு நீங்களே இரண்டாம் தடவை விலை கொடுக்கிற வேலை அது. திருட்டு நகை என்று தெரிந்தே வாங்கி வைத்திருந்தால் அவரே எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் (இந்த 317-ஆம் பிரிவு மட்டும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் இருக்கிறது), அதைப் போலீஸ் விசாரித்துச் சொல்லட்டும்.

கட்டி விஷயம் கொஞ்சம் சிக்கல். சட்டம் கைவிடவில்லை: 498-ஆம் பிரிவில், களவு போன பொருள் வேறு பொருளாக மாற்றப்பட்டிருந்தால் அப்படி மாறியதும் சொத்து என்றே கணக்கு என்று இருக்கிறது. ஆனால் கட்டியைப் பார்த்து இது என் தோடும் மோதிரமும் செயினும் உருகியது என்று நீங்கள் அடையாளம் காட்ட முடியாது. அதை உங்கள் நகையோடு இணைக்கப் பட்டறைக்காரரின் வாக்குமூலம் வேண்டும், எதிரி காட்டிய இடத்தில் கிடைத்ததாகக் காட்டும் அத்தாட்சி வேண்டும், எடைக் கணக்கு ஒத்துவர வேண்டும். அதே ஆட்கள் வேறு வீடுகளிலும் புகுந்திருந்தால் அந்த வீட்டுக்காரர்களும் இதே கட்டியைக் கேட்டு வருவார்கள். அதனால் என் யோசனை, ஆரத்துக்கும் வளையலுக்கும் ஒரு மனு, கட்டிக்குத் தனியாக இன்னொரு மனு. ஒன்றாகப் போட்டால் கட்டிக்கு எழும் ஆட்சேபம் ஆரத்தையும் சேர்த்து நிறுத்திவிடும், உங்களுக்கோ தையில் கல்யாணம்.

ரொக்கம் மீட்டிருந்தால் நோட்டு எண்களைக் குறித்து, போட்டோ எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம். செல்போனுக்கு டப்பாவில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண் போதும். இரண்டையும் நகை மனுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

உத்தரவு வரும்போது நிபந்தனையோடுதான் வரும். நகையின் மதிப்புக்கு உங்கள் சொந்தப் பிணைப் பத்திரம், கூடவே ஒன்றோ இரண்டோ ஜாமீன்தார், நகைகளைப் பல கோணத்தில் எடுத்த போட்டோ, அதை டிஜிட்டலாக எடுத்தால் அதற்கான சான்றிதழ், கோர்ட் கேட்கும்போது ஆஜர்படுத்துவேன், விற்கவோ அடகு வைக்கவோ உருவத்தை மாற்றவோ மாட்டேன் என்ற உறுதிமொழி. சில நேரம் வங்கி உத்தரவாதமோ ரொக்க டெபாசிட்டோ கேட்டு உத்தரவு வந்துவிடும். திருட்டுக் கொடுத்தவரிடமே டெபாசிட் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, உங்களால் முடியாது என்றால் வாயை மூடிக்கொண்டு கடன் வாங்கிக் கட்டாதீர்கள். நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மேலே போகலாம். மனுவே தள்ளுபடியானாலும் வழி உண்டு: செஷன்ஸ் கோர்ட்டில் சீராய்வு, இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் 528-ஆம் பிரிவு மனு. இது இடைக்கால உத்தரவு, சீராய்வு செல்லாது என்று எதிர்த்தரப்பில் சொல்லக்கூடும் என்பதால், எங்கே போவது என்பதை உத்தரவைப் படித்துப் பார்த்து உங்கள் வக்கீல் முடிவு செய்யட்டும்.

நகையை வாங்கும் நாளில் அவசரப்படாதீர்கள். சீல் வைத்த உறையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், உருப்படியை எண்ணுங்கள், அத்தாட்சியில் உள்ள எடையோடு ஒப்பிட்டு எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் அதை அப்போதே எழுத்தில் காட்டிவிட்டுத்தான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு "ஒரு வளையல் மாறிவிட்டது" என்று போனால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் போலீஸுக்கோ கோர்ட் ஊழியருக்கோ "செலவுக்கு" என்று எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. வக்கீல் கட்டணம் கஷ்டம் என்றால், 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள் என்ன வருமானமாக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். மனு உங்கள் பெயரில், நகை உங்களுடையது என்று போவதால் இது உங்களுக்குப் பொருந்தும்.

சரி, கல்யாணம். மகளுக்கு அந்த நகையைப் போடலாமா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருப்பது அதுதான் என்று தெரிகிறது. கோர்ட் இப்போது கொடுப்பது பொறுப்பில் வைத்துக்கொள்ள மட்டும், முழு உரிமையோடு இல்லை. மகள் அந்த ஆரத்தைப் போட்டு மணவறையில் உட்காரலாம், அதில் தடை இல்லை. ஆனால் சீராகக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். நாளைக்கு சம்மன் வந்து, நீங்கள் முதல் சாட்சியாக ஏறி, அதே ஆரத்தைக் கையில் எடுத்துக் காட்டி இது என்னுடையது என்று சொல்ல வேண்டும், அப்போது அது சம்பந்தி வீட்டு லாக்கரில் இருந்தால் உங்களுக்கும் தர்மசங்கடம், மகளுக்கும் பேச்சு. பழசாக இருக்கிறதே என்று பாலிஷ் போடுவது, உடைந்த கொக்கியை மாற்றுவது, கல் பதிப்பது, எதுவும் இப்போது வேண்டாம். போட்டோவில் இருப்பதும் கையில் இருப்பதும் வேறு வேறாகத் தெரிந்தால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், வழக்கே தளர்ந்துவிடும். சம்பந்தி வீட்டில் ஆரம் பேசியிருந்தால் இப்போதே விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுங்கள், நம் வீட்டில் திருட்டு நடந்ததும் கேஸ் நடப்பதும் மறைக்க வேண்டிய விஷயம் இல்லை.

மீட்கப்படாத 7 பவுனுக்கு இந்த மனுவில் எதுவும் கேட்க முடியாது. எதிரிக்குத் தண்டனை கொடுக்கும்போது 395-ஆம் பிரிவில் நஷ்ட ஈடு தரச் சொல்லிக் கேட்கலாம், அதை அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் வாதம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

தீர்ப்பு வரும் நாளிலும் ஒரு தடவை போய்விடுங்கள். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் சொத்து பற்றிய வரி இருக்கும், உங்களிடம் ஏற்கெனவே ஒப்படைத்தது உங்களுக்கே உறுதி செய்யப்பட்டு, பிணைப் பத்திரம் ரத்து என்று அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எதிரி விடுதலையானாலும் இந்த வரி உங்களுக்கு வர வேண்டும், விடுதலை என்பதால் நகை அவருடையது ஆகிவிடாது. விட்டுப்போயிருந்தால் உடனே வக்கீலிடம் சொல்லி மனுப் போட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்து அந்த வரியும் கையில் இருந்தால், ஆரத்தை மகளுக்கே கொடுங்கள், கொக்கியை மாற்றுங்கள், உங்கள் இஷ்டம்.